பாலைவன சைட்டில் பேக்ஃபில்: தண்ணீர் விடணுமா, வேண்டாமா?

மார்ச் 2, ஒரு வாசகரின் கேள்வி

பாலைவன சைட் ஒன்றில் ஃபவுண்டேஷனைச் சுற்றி பேக்ஃபில் (தோண்டிய இடத்தை மண்ணிட்டு நிரப்பி இறுக்குவது) நடக்கிறது. டேங்கர் தட்டுப்பாடு. மண் முழுக்க மணல். "காய்ந்தபடியே கொட்டி ரோலர் ஓட்டு, 95 சதவீத இறுக்கம் தானாக வரும், தண்ணீரே வேண்டாம்" என்கிறார் போர்மேன். கன்சல்டன்டோ, ஓஎம்சிக்கு (மண் அதிகபட்சமாக இறுகும் ஈர அளவு) இரண்டு சதவீதம் முன்பின் ஈரம் இருந்தால்தான் கையெழுத்து போடுவேன் என்கிறார். யார் சொல்வது சரி?

மார்ச் 2, இரவு

சண்டைக்கு முன் ஒரே ஒரு கேள்வி: அந்த மண்ணில் 75 மைக்ரான் சல்லடையில் இறங்குவது எவ்வளவு? "முழுக்க மணல்" என்பது பதில் ஆகாது. பாலைவனத்தில் கண்ணுக்கு எல்லாமே மணல்தான்.

5 சதவீதத்துக்குக் கீழே என்றால் அது காற்று குவித்த சுத்த மணல்; போர்மேன் பேச்சில் விஷயம் இருக்கிறது. 12-ஐத் தாண்டினால் வண்டல் கலந்த மண்; கன்சல்டன்ட் பக்கம் நியாயம். நடுவில் நிற்பதுதான் தலைவலி. நான் பார்த்த சைட்டுகளில் பெரும்பாலும் வந்து இறங்குவதும் அதுதான்.

மார்ச் 3, காலை

சுத்த மணல் காய்ந்தபடியே எப்படி இறுகும் என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். அதிர்வுதான் காரணம். ஒட்டும் பொருள் எதுவும் இல்லாத துகள், ரோலர் அதிரும்போது புரண்டு பக்கத்துச் சந்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குத் தண்ணீர் கட்டாயம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே மணலில் 3 முதல் 5 சதவீதம் வரை ஈரம் இருந்தால் நிலைமை மோசமாகிறது. துகளுக்கும் துகளுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மணல் உப்பிப் போய் நிற்கும். ரோலர் எவ்வளவு ஆட்டினாலும் இடம் மாறாது. இன்னும் தண்ணீர் ஏறி, துகள் இடுக்கெல்லாம் நிறையப் போகும் சமயத்தில் அந்தப் பிடி விட்டுப்போகும். அடர்த்தி மறுபடி ஏறும். அதனால் சுத்த மணலுக்கு ஈரத்தையும் அடர்த்தியையும் வைத்து வரையும் கோடு, புத்தகத்தில் உள்ள ஒற்றை மேடு மாதிரி இருக்காது. காய்ந்த பக்கம் உயரம், நடுவில் பள்ளம், நனைந்த பக்கம் உயரம்.

ஆக, சுத்த மணலில் தண்ணீரே விடாமல் இருக்கலாம், அல்லது ஊறும் அளவுக்கு விடலாம். "தட்டுப்பாடாச்சே, அரை டேங்கர் தெளித்துவிடுவோம்" என்பதுதான் இருப்பதிலேயே கெட்ட முடிவு. காசும் போச்சு, அடர்த்தியும் போச்சு.

மார்ச் 3, மதியம்

லேப் ரிசல்ட் வரும்வரை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: ஒரு கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மண், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் அரை நிமிடத்துக்குள் அடியில் போய்விடும். அதற்குப் பிறகும் தண்ணீர் கலங்கியே நின்றால் வண்டல் இருக்கிறது. உள்ளங்கையில் ஈர மண்ணைத் தேய்த்து உதறிவிட்டுப் பாருங்கள். ரேகைக்குள் பழுப்பாக ஒட்டிக்கொண்டால் அதுவும் அதே கதைதான். இதை வைத்து யாரும் அப்ரூவல் தரப்போவதில்லை, ஆனால் லாரியைத் திருப்பி அனுப்பலாமா என்று முடிவு செய்ய இது போதும்.

மார்ச் 4

95 என்கிறீர்களே, எதில் 95?

லேபில் மண்ணைச் சுத்தியலால் அடித்து, அதிகபட்சம் எவ்வளவு இறுகும் என்று பார்க்கும் புரோக்டர் டெஸ்டில் இரண்டு வகை. ஸ்டாண்டர்ட் புரோக்டரா, மாடிஃபைடா? முதலாவதில் 2.5 கிலோ சுத்தியல் 305 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து மூன்று லேயர் மேல் விழுகிறது. இரண்டாவதில் 4.54 கிலோ, 457 மில்லிமீட்டர், ஐந்து லேயர். ஒரு கன மீட்டருக்குக் கொடுக்கும் ஆற்றல் முதலாவதில் சுமார் 600 கிலோஜூல், இரண்டாவதில் 2,700. நாலரை மடங்கு வித்தியாசம். ஒரே மண்ணுக்கு ஒன்றில் எம்டிடி (அதிகபட்ச உலர் அடர்த்தி, கன மீட்டருக்கு டன் கணக்கில்) 1.80 என்றால் இன்னொன்றில் 1.90 வரலாம். அப்போது மாடிஃபைடில் 95 என்பதும் ஸ்டாண்டர்டில் 100 என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பெக்கில் (ஒப்பந்தத்தின் விவரக் குறிப்பில்) இது எழுதியிருக்கும். படிக்காமலே சண்டை போடும் ஆட்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதோடு, சுத்த மணலுக்குப் புரோக்டரே சரியான அளவுகோல் இல்லை. சுத்தியல் விழுந்தால் மணல் பக்கவாட்டில் ஒதுங்கும், இறுகாது. தண்ணீர் சுலபமாக வடியும் மணலுக்கு, அதாவது 75 மைக்ரானில் இறங்குவது 15 சதவீதத்துக்கு மேல் போகாதவற்றுக்கு, அதிரும் மேசையில் வைத்து அதிகபட்ச, குறைந்தபட்ச அடர்த்தி எடுத்து, இரண்டுக்கும் நடுவில் நம் மண் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் முறை உண்டு. ரிலேட்டிவ் டென்சிட்டி. கன்சல்டன்டிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மார்ச் 4, கொஞ்ச நேரம் கழித்து

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். மணலில் "80 சதவீதம் வந்துவிட்டது, இன்னும் 15தான் பாக்கி" என்று யாராவது சொன்னால் சிரித்துவிடாதீர்கள், பாவம். மணலில் 80 சதவீத கம்பாக்ஷன் (இறுக்கம்) என்பது கிட்டத்தட்ட லாரியிலிருந்து கொட்டியபடியே கிடக்கும் நிலை. ரிலேட்டிவ் டென்சிட்டியில் பூஜ்யத்துக்குப் பக்கம். வேலை மொத்தமும் அந்த 80-க்கும் 100-க்கும் நடுவில்தான் நடக்கிறது. 95 வந்தால் ரிலேட்டிவ் டென்சிட்டி சுமாராக 75. அதனால் 93-க்கும் 95-க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் இரண்டு, மண்ணில் பத்து.

மார்ச் 6

இப்போது வண்டல் கலந்த மண்ணுக்கு வருவோம். இங்கே தண்ணீர் விட்டே ஆக வேண்டும். எவ்வளவு?

30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், இறுகிய பிறகு 200 மில்லிமீட்டர் கனம். 120 கன மீட்டர். உலர் அடர்த்தி 1.85 என்றால் 222 டன் மண். இருக்கும் ஈரம் 2 சதவீதம், வேண்டியது 9. நடுவில் 7 சதவீதம், அதாவது சுமார் 15,500 லிட்டர். ஒரே ஒரு லேயருக்கு! வெயிலும் காற்றும் குடிக்கும் பங்கு இதில் சேரவில்லை. மதியம் தெளித்தால் அந்தப் பங்கே பெரிய பங்கு.

இந்தக் கணக்கை டேங்கர் ஆர்டர் போடுவதற்கு முன் போட வேண்டும். லேயர் விரித்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை.

மார்ச் 6, இரவு

தெளிப்பதைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. டேங்கர் பின்னால் குழாயைத் திறந்துவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டுகிறான். மேலே பளபளவென்று கறுத்துப் போகிறது. போட்டோவுக்கு அழகாக இருக்கும். பூட்ஸ் குதிகாலால் ஒரு உதை விடுங்கள்: மேலே இரண்டு விரல் கனம் சேறு, அதற்குக் கீழே தூசு பறக்கும். அந்த ஈரம் கீழே இறங்குவதற்குள் மேலே ஆவியாகிவிடும். விழலுக்கு இறைத்த நீர் என்பது இதற்கென்றே வந்த பேச்சு.

நடக்கிற வழிகள் இரண்டு. மண் வெட்டும் இடத்திலேயே முந்தின நாள் மாலை பாத்தி கட்டித் தண்ணீர் விட்டு ஊற வைப்பது முதல் வழி. ராத்திரி முழுக்க இறங்கும்; காலையில் லோடர் அள்ளும்போதே கலந்துவிடும். இது முடியாவிட்டால், லேயரில் தெளித்து கிரேடர் பிளேடால் புரட்டி, மறுபடி தெளித்து மறுபடி புரட்ட வேண்டும். நிறம் ஒரே மாதிரி ஆகும்வரை. அதற்குப் பிறகு தாமதிக்காமல் ரோலர். ஆபரேட்டர் சாப்பிடப் போய்விட்டு வந்தால் ஈரமும் போயிருக்கும்.

இரவில் வேலை செய்வது நல்லது. மதிய வேலைத் தடை உள்ள நாடுகளில் கோடையில் வேறு வழியும் இல்லை. மனுஷனுக்கு நல்லது, மண்ணுக்கும் நல்லது.

மார்ச் 7

எந்தத் தண்ணீர் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. கிணற்றில் உப்புத் தண்ணீர்தான் கிடைக்கிறது, மண்ணுக்குத்தானே, விட்டால் என்ன?

கான்கிரீட்டை ஒட்டி விடாதீர்கள். குளோரைடு கம்பியைத் தின்னும், சல்பேட் கான்கிரீட்டைத் தின்னும். கான்கிரீட் மேல் நீர் புகாத மெம்பிரேன் இருக்கிறதே என்றால், அது எங்கே கிழிந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மெல்லிய தார் போட்ட நடைபாதைக்குக் கீழேயும் வேண்டாம். வெயிலில் நீர் மேலே ஏறி ஆவியாகும்போது உப்பு மேலேயே தங்கிப் படிகமாகும். தார்ப் படலம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். திறந்த வெளியில், கான்கிரீட்டும் இரும்பும் இல்லாத ஆழமான ஃபில்லில் சில ஸ்பெக்குகள் அனுமதிக்கும். அதுவும் பரிசோதித்த பிறகு.

மார்ச் 9

லேப் ரிப்போர்ட் ஒன்றை அனுப்பி "ஓகேவா சார்" என்று கேட்டிருக்கிறார் ஒரு தம்பி. ஈரம் 12 சதவீதம், உலர் அடர்த்தி 2.08. கம்பாக்ஷன் 99.

தம்பி, அது பூமியில் இல்லாத மண். துகளின் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம்) 2.65 என்று வையுங்கள். 12 சதவீதத் தண்ணீரும் உள்ளே இருந்து, காற்று துளியும் இல்லை என்றாலும், உலர் அடர்த்தி 2.65-ஐ 1.318-ஆல் (1 + 0.12 × 2.65) வகுத்தால் வருவது 2.01. அதற்கு மேல் போக இடமே இல்லை. சுண்ணாம்பு மணல் என்று தாராளமாக 2.75 வைத்தாலும் 2.07தான். ரிப்போர்ட்டில் இருப்பதோ 2.08. அளந்தவர் தவறா, எழுதியவர் தவறா, அளக்காமலே எழுதியதா என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிமிடம் போதும். ரிப்போர்ட் கையில் வந்ததும் முதலில் இதைப் போட்டுப் பாருங்கள்.

மார்ச் 9, இரவு

அதே தம்பி சொல்கிறார், சைட்டில் ஜிப்சம் மண் உண்டாம். அப்படியானால் விஷயம் இன்னும் சுவாரசியம்.

ஜிப்சத்துக்குள்ளேயே தண்ணீர் கட்டுண்டு இருக்கிறது, எடையில் ஏறக்குறைய 21 சதவீதம். ஈரம் அளக்க வழக்கமாக மண்ணை 110 டிகிரி அடுப்பில் வைப்போம். அந்தச் சூட்டில் ஜிப்சம் தன் சொந்தத் தண்ணீரையும் கக்கிவிடும். மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு ஜிப்சம் இருந்தால் இல்லாத ஈரம் 3, 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஈரம் கூடினால் கணக்கில் உலர் அடர்த்தி குறையும். ஈர அடர்த்தி 2.00, உண்மையான ஈரம் 6 என்றால் உலர் அடர்த்தி 1.887, அடுப்பு 9.5 என்று சொன்னால் 1.826. எம்டிடி 1.92 ஆக இருந்தால் முதலாவது 98 சதவீதம், இரண்டாவது 95. தாராளமான பாஸுக்கும் விளிம்பில் தொங்கும் பாஸுக்கும் நடுவில் ஒரு அடுப்பு நிற்கிறது. ஜிப்சம் மண்ணுக்கு 60 டிகிரிதான், நேரம் கூட எடுத்தாலும்.

சைட்டிலேயே கதிர்வீச்சால் ஈரமும் அடர்த்தியும் அளக்கும் நியூக்ளியர் கேஜும் இதே வலையில் விழும். அது எண்ணுவது ஹைட்ரஜனை. அந்த ஹைட்ரஜன் ஈரத்தில் இருக்கிறதா, ஜிப்சத்துக்குள் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

மார்ச் 10

நேற்று எழுதியதைக் கொஞ்சம் இறுக்கிச் சொல்ல வேண்டும். லேபில் புரோக்டர் செய்யும்போதும் 110, சைட் மண்ணுக்கும் 110 என்றால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறையும். விகிதம் ஏறக்குறைய சரியாகவே வரும். தகராறு வருவது கலந்து கட்டும்போதுதான்: எம்டிடி 60 டிகிரியில் எடுத்தது, சைட் ஈரம் கேஜில் பார்த்தது. நடைமுறையில் நடப்பதும் இதுதான். கேஜ் வைத்திருந்தால், சைட்டில் சில இடத்தில் மண் எடுத்து 60 டிகிரி அடுப்பு ரீடிங்கோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கேஜில் திருத்தமாகப் போடச் சொல்லுங்கள். மண் மாறினால் திருத்தமும் மாறும்.

குழாய்ப் பள்ளத்துக்குள் கேஜ் வைத்தாலும் ஒரு திருத்தம் உண்டு; பக்கச் சுவரில் உள்ள ஈரமும் ரீடிங்கில் சேர்ந்துவிடும்.

மார்ச் 10, மாலை

"கேஜே வேண்டாம், சாண்ட் கோன் போதும்" என்பவருக்கு: சரி. குழி தோண்டி, எடுத்த மண்ணை நிறுத்து, கோனிலிருந்து குழிக்குள் மணலை இறக்கிக் கொள்ளளவு பார்க்கும் முறை அது. ஆனால் காய்ந்த சுத்த மணலில் குழி தோண்டிக் காட்டுங்கள் பார்ப்போம். ஓரம் சரிந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, கோனிலிருந்து மணல் இறங்கும் நேரத்தில் பக்கத்தில் ரோலர் ஓடக்கூடாது. அதிர்வில் அளவு மணல் கூடுதலாக இறங்கும், குழி பெரிதாகக் கணக்காகும், அடர்த்தி குறைவாகக் காட்டும். நல்ல லேயர் ஃபெயில் ஆவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். லேப் ஆள் குனிந்து கோனைப் பிடித்திருக்கிறார், பத்தடியில் ரோலர் உறுமிக்கொண்டு போகிறது. யாரும் யாரையும் நிறுத்தவில்லை.

மார்ச் 13

இந்தக் கேள்வி-பதில் இழை டெஸ்ட் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். தொடக்கத்தில் சுத்த மணல் "காய்ந்தபடியே இறுகும்" என்று எழுதினேன் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு வண்டல் மண்ணிலும் காய்ந்தபடியே ஓட்டலாம், பெரிய ரோலர் போட்டால் 95 வருகிறதே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

வரும். எண் வரும். ஆனால் வண்டல் கலந்த மண்ணை ஓஎம்சிக்கு வெகு கீழே, காய்ந்த நிலையில் இறுக்கினால், உள்ளே சின்னச் சின்னக் கட்டிகள் கட்டியாகவே இருக்கும்; கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே காலி இடம். காய்ந்திருக்கும்வரை பாறை மாதிரி நிற்கும். தகட்டின் மேல் பாரம் ஏற்றிப் பார்க்கும் பிளேட் லோடு டெஸ்ட் வைத்தால் பிரமாதமாக வரும். தண்ணீர் பட்டதும் கட்டி கரைந்து, மேலே பாரம் ஏறாமலே இறங்கும். அதே அடர்த்தியில் ஓஎம்சி பக்கத்தில் இறுக்கிய மண் இவ்வளவு இறங்காது. கன்சல்டன்ட் ஈரத்துக்கு இரண்டு சதவீத வரம்பு போடுவது அடர்த்திக்காக மட்டும் அல்ல. பிற்பாடு நனையும்போது என்ன ஆகும் என்பதற்காக.

பாலைவனத்தில் எங்கே நனையப் போகிறது என்று கேட்பார்கள். மழையை நம்பி அல்ல. கட்டடம் வந்தால் தண்ணீர்க் குழாய் வரும், கழிவுநீர்க் குழாய் வரும், செடி வைப்பார்கள், சொட்டுநீர் போடுவார்கள். சாவி கொடுத்து இரண்டு வருடம் கழித்து ஒரு கட்டடத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். சுற்றிலும் நடைபாதைக் கல். செடி வரிசை ஓடும் பக்கம் மட்டும் கல் அலையலையாக இறங்கியிருக்கிறது. வாசல்படி சுவரைவிட்டு ஒரு கட்டை விரல் அளவு விலகி நிற்கிறது. செடி இல்லாத பக்கம் ஒரு கல்கூட அசையவில்லை. பேக்ஃபில் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தார்கள்: எல்லா லேயரும் பாஸ். ஈரம் என்ற பத்தியில் மட்டும் 3, 3.5, 2.8. ஓஎம்சி 9. யாரும் அந்தப் பத்தியைப் பார்க்கவில்லை.

மார்ச் 13, இரவு

இதே வேலையை இயற்கை மண்ணும் செய்யும் என்பதை மறந்துவிடாதீர்கள். வெள்ளம் வந்து சட்டென்று படிந்து காய்ந்த மண், காற்று கொண்டுவந்த வண்டல், இவற்றின் துகள்கள் கொஞ்சம் களியாலோ உப்பாலோ ஜிப்சத்தாலோ ஒட்டி, உள்ளே ஓட்டையாக நிற்கும். உங்கள் ஃபில் உன்னதமாக இருக்கலாம். அது உட்கார்ந்திருக்கும் தரை இறங்கினால் சேர்ந்து இறங்க வேண்டியதுதான்.

கலிஃபோர்னியாவில் சான் வாகின் பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கம் பாசனத் தண்ணீர் பட்ட இடங்களில் தரை இப்படி இறங்கியது, சில இடங்களில் 3 மீட்டருக்கும் மேல். 1960-களில் அந்த வழியாகப் பெரிய கால்வாய் வெட்டியபோது, ஆபத்தான நீளங்களில் முதலில் குளம் கட்டித் தண்ணீரைத் தேக்கி, இறங்க வேண்டியதை இறங்க விட்ட பிறகுதான் கால்வாயைக் கட்டினார்கள்.

சைட்டில் சந்தேகம் இருந்தால் குலையாத மண் மாதிரி எடுத்து, லேபில் 200 கிலோபாஸ்கல் பாரம் வைத்துத் தண்ணீர் விடுவார்கள். மாதிரியின் உயரத்தில் 1 சதவீதத்துக்குள் இறங்கினால் கவலை இல்லை. 1 முதல் 5 வரை கவனம். 5-க்கு மேல் தொந்தரவு, 10-க்கு மேல் கடும் தொந்தரவு. இந்தப் பட்டியல் 1975-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது.

மார்ச் 14

திசை மாறுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். புரோக்டர் என்பது மிஷின் பெயர் என்று ஒருவர் எழுதியிருந்தார். மனிதர் பெயர். லாஸ் ஏஞ்சல்ஸ் குடிநீர்த் துறையில் அணை வேலை பார்த்த இன்ஜினியர், 1933-இல் எழுதினார். ஓஎம்சி என்று நாம் பிடித்துத் தொங்குவது, வறண்ட இடத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலையில் பிறந்த எண். மாடிஃபைடு அதற்குப் பிறகு, கனமான விமானங்கள் இறங்கும் ஓடுதளங்களுக்காக வந்தது. உங்கள் காம்பவுண்டு சுவருக்கு விமான ஓடுதளத்து அளவு கேட்கிறார்களே என்று போர்மேன் புலம்பினால் அவரையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது.

மார்ச் 16

குழாய்ப் பள்ளம். "மணலைக் கொட்டி வெள்ளம் விட்டுவிட்டால் தானே உட்காருமே" என்பது பழைய வழக்கம். சுத்த மணலாக இருந்து, சுற்றியுள்ள தரையும் தண்ணீரை உறிஞ்சி வடித்தால் ஓரளவு உட்காரும். வெள்ளத்தால் மட்டும் 95 வராது. மேலே அதிர்வும் வேண்டும். தரை வடிக்கவில்லை என்றால் பள்ளம் சேற்றுத் தொட்டி. காலியான பிளாஸ்டிக் குழாய் என்றால் இன்னொரு கூத்து: குழாய் மிதந்து எழும்பும். லெவல் பார்த்து வைத்ததெல்லாம் போச்சு.

குழாயின் இடுப்புக்குக் கீழே உள்ள இடுக்குதான் யாரும் பார்க்காத இடம். மெஷின் போகாது. கையால் மண் தள்ளி, மெல்லிய கட்டையால் குத்திக் குத்தி நிரப்ப வேண்டும். ரெண்டு பக்கமும் சமமாக ஏற்ற வேண்டும், ஒரு பக்கம் ஏற்றினால் குழாய் நகரும். குழாய்த் தலைக்கு மேல் முதல் 300 மில்லிமீட்டரில் பெரிய மெஷினைப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

மேன்ஹோலைச் சுற்றியும் இதே கதை. தெருவில் போகும்போது பாருங்கள், மேன்ஹோல் மூடி மட்டும் மேலே நிற்கும், சுற்றிலும் தார் இறங்கியிருக்கும். மூடி உயரவில்லை.

மார்ச் 17

சுவரை ஒட்டி: ஒரு மீட்டருக்குள் பெரிய ரோலர் வேண்டவே வேண்டாம். இறுகும் மண் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த அழுத்தத்துக்குச் சுவரை டிசைன் செய்திருக்க மாட்டார்கள். அங்கே பிளேட் கம்பாக்டர், மூலையில் ஜம்பிங் ஜாக், அதுவும் போகாத இடத்தில் திமிசுக்கட்டை. லேயரைப் பாதியாகக் குறையுங்கள், கொட்டும்போது 100 முதல் 150 மில்லிமீட்டர். பெரிய ரோலருக்கு விரிக்கும் 250-ஐப் போட்டுவிட்டு மேலே பிளேட்டை ஓட்டுவது கண்துடைப்பு.

தார் மெம்பிரேன் வெயிலில் இளகிக் கிடக்கும். கல் கலந்த மண்ணை நேரே சரித்தால் கல் குத்தி நிற்கும். பாதுகாப்புப் பலகை வைத்த பிறகே மண்.

மார்ச் 17, இரவு

சப்கா தரை பற்றி ரெண்டு வரி போதும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது தனி இழைக்கு உரியது. கடலோரப் பாலைவனத்தில், அரேபிய வளைகுடாக் கரையில் நிறைய, உப்புப் படிந்து ஓடு மாதிரி கெட்டியாக இருக்கும் தட்டைத் தரை. நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில். காய்ந்திருக்கும்போது லாரி போகும். நனைந்தால் அதே லாரி அச்சுவரை இறங்கும். அந்த மண்ணை வெட்டிப் பேக்ஃபில்லுக்குப் பயன்படுத்தலாமா என்றால், கட்டடத்தைச் சுற்றி வேண்டாம். உப்பு கரைந்து போகும் அளவுக்கு இடம் காலியாகும். அதன் மேல்தான் ஃபில் போட்டாக வேண்டும் என்றால், ஜியோடெக்ஸ்டைல் துணி, மேலே நீர் மேலேறாதபடி பெருங்கல் அடுக்கு, அப்புறம்தான் நல்ல மண்.

மார்ச் 19

மேல் லேயர் எப்போதும் ஃபெயில், கீழே எல்லாம் பாஸ், ஏன் என்று முதல் கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். மணலில் அப்படித்தான். மேலே அமுக்கிப் பிடிக்கப் பாரம் இல்லாததால், அதிரும் டிரம் மேல் 100, 150 மில்லிமீட்டரை இறுக்குவதற்குப் பதில் கிளறிவிடுகிறது. அடுத்த லேயர் ஏறி ரோலர் ஓடியதும் இது இறுகிவிடும். அதனால் அந்தக் கனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதற்குக் கீழே டெஸ்ட் வைக்கச் சொல்லுங்கள். நியாயமான கன்சல்டன்ட் ஒத்துக்கொள்வார். கடைசி லேயருக்கு மட்டும் அதிர்வைக் குறைத்து, கடைசி ஓட்டத்தில் அதிர்வே இல்லாமல் ஓட்டுங்கள். கொஞ்சம் ஈரம் கொடுத்தால் மேல்பரப்பு நிற்கும். (ஈரம் கெடுதல் என்றாரே என்று யாரும் மேலே போய்ப் பார்க்க வேண்டாம்; இது இறுக்க அல்ல, இறுகியது கலையாமல் நிற்க.)

ஃபெயில் ஆகிறதே என்று மேலும் மேலும் ஓட்டாதீர்கள். சிப்பி, சுண்ணாம்புத் துகள் கலந்த மண் நொறுங்கும். நொறுங்கிய பிறகு அது வேறு மண், வேறு எம்டிடி. எதனுடன் எதை ஒப்பிடுகிறோம் என்றே தெரியாமல் போகும்.

மார்ச் 20

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், எதற்கு இத்தனை டெஸ்ட்" என்று ஒருவர். பானையில் எல்லாச் சோறும் ஒரே தண்ணீரில் வெந்தது ஐயா. இங்கே ஒவ்வொரு லாரியும் ஒரு பானை.

மார்ச் 22

கடைசியாகக் கேட்டது, ரோலரை எத்தனை பாஸ் (எத்தனை தடவை) ஓட்டணும். யாரிடமும் கேட்காதீர்கள், என்னிடமும். ட்ரையல் ஸ்ட்ரிப் போடுங்கள். 20, 30 மீட்டர் நீளம், ரோலர் அகலத்தைப் போல மூன்று மடங்கு அகலம். உண்மையில் ஓடப்போகும் அதே ரோலர், அதே ஆபரேட்டர், அதே மண். 2 பாஸ் முடிந்ததும் அடர்த்தி, 4 முடிந்ததும், 6, 8. ஒவ்வொரு முறையும் தரை மட்டம் எவ்வளவு இறங்கியது என்றும் லெவல் எடுங்கள். எண்ணிக்கை கூடியும் அடர்த்தி ஏறாத இடம் வரும். அதுதான் உங்கள் பாஸ். அந்த இடத்திலும் 95 எட்டவில்லை என்றால் பாஸைக் கூட்டாதீர்கள், லேயர் கனத்தைக் குறையுங்கள் அல்லது ஈரத்தைச் சரிபாருங்கள். சுத்த மணல் என்றால் ஒரு ஸ்ட்ரிப் காய்ந்தபடி, ஒன்று நன்றாக ஊறவைத்து, இரண்டும் போட்டுப் போர்மேனையும் கன்சல்டன்டையும் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

மண் வெட்டும் இடம் மாறினால் ஸ்ட்ரிப்பை மறுபடி போட வேண்டும். ரோலர் மாறினாலும்.

மார்ச் 22, பின்குறிப்பு

ஆபரேட்டர் மாறினாலும்தான். வேகமாக ஓட்டுகிற ஆள் வந்தால் ஒரு மீட்டரில் விழும் அடி குறைந்துவிடும். நடக்கிற வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள்.